மல்லாட்டை விற்ற காசுக்கு எந்த டி.வி.?

'விருத்தாசலம் பக்கம் எங்கள் ஊர். மார்கழிப் பட்டத்து மல்லாட்டையைக் கமிட்டியில் போட்டு, சொசைட்டிக் கடனைக் கட்டியது போகக் கையில் கொஞ்சம் நிற்கிறது. போன வருஷம் இடி இடித்த ஒரு ராத்திரியில் எங்கள் இலவச டி.வி. போய்விட்டது. அன்றிலிருந்து மாமியார் அடுத்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துதான் சீரியல் பார்க்கிறார். கடையில் இரண்டு டி.வி. பார்த்து வைத்திருக்கிறோம். ஒன்று 32 அங்குலம், பெயர் தெரிந்த கம்பெனி, 12,500 ரூபாய். இன்னொன்று 43 அங்குலம், கேள்விப்படாத பெயர், பெட்டியில் '4கே' என்று போட்டிருக்கிறது, 16,000 ரூபாய். இரண்டுமே ஸ்மார்ட் டி.வி. வீட்டுக்காரருக்குப் பெரியதுதான் வேண்டுமாம். குறைகிற பணத்துக்குத் தவணை போட்டுக்கொள்ளலாம் என்கிறார். ஆடிப்பட்டத்து விதைக்காசில் கை வைக்கும்படி ஆகிவிடுமோ என்று எனக்குப் பயம். பத்தாவது போகிற பெண் வேறு இருக்கிறாள். எதை வாங்கலாம்?'

- கடலூர் மாவட்ட வாசகி

சகோதரி, வயதான மனுஷி அடுத்த வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்து டி.வி. பார்க்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அதனால் டி.வி. தேவையா என்ற பேச்சுக்கே நான் போகவில்லை. வாங்குங்கள். 32 அங்குலத்தையே வாங்குங்கள். காரணத்தைச் சொல்கிறேன். உங்கள் வீட்டுக்காரர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, அதையும் சொல்கிறேன்.

கடையில் அந்தப் பெரிய டி.வி.யில் என்ன ஓடிக்கொண்டிருந்தது என்று யோசித்துப் பாருங்கள். அருவி, மீன் கூட்டம், கிளி, வெளிநாட்டுப் பூந்தோட்டம் இப்படி ஏதாவது ஓடியிருக்கும். அது பென்டிரைவில் போட்டு வைத்திருக்கும் படம். டி.வி. விற்பதற்கென்றே எடுத்தது. உங்கள் வீட்டுக்கு வரப்போவது கேபிள் பெட்டி அனுப்பும் படம். கிராமத்தில் இன்னும் பெரும்பாலான வீடுகளில் இருப்பது சாதாரணப் பெட்டிதான். மஞ்சள், சிவப்பு, வெள்ளை என்று மூன்று ஒயர் செருகுவோமே, அது. அந்தப் பெட்டி ஒரு படத்தை 720-க்கு 576 புள்ளிகளாகத்தான் அனுப்பும். 32 அங்குல டி.வி.யில் 1366-க்கு 768 புள்ளிகள் உண்டு. உண்மையான 4கே டி.வி. என்றால் 3840-க்கு 2160. ஒரு படி மாவை எத்தனை பெரிய கல்லில் ஊற்றினாலும் மாவு ஒரு படிதான். பெரிய கல்லில் தோசை மெலிந்து ஓட்டை விழும். 43 அங்குலத்தில் சாதாரண கேபிள் படம் அப்படித்தான் தெரியும்; முகங்கள் கலங்கியிருக்கும், கீழே ஓடும் எழுத்து பிசிறடிக்கும்.

ஆகவே வீட்டுக்காரரிடம் சண்டை போடாதீர்கள். இருவருமாக இன்னொரு முறை கடைக்குப் போய், 'இரண்டிலும் சாதாரண கேபிள் சேனல் ஒன்றைப் போட்டுக் காட்டுங்க' என்று கேளுங்கள். ஏழெட்டு அடி தள்ளி நின்று அவரையே பார்க்கச் சொல்லுங்கள். அப்படியே பக்கவாட்டிலும் நின்று பார்க்கட்டும், தரையில் குந்தியும் பார்க்கட்டும். சில டி.வி.யில் நேராகப் பார்த்தால் நல்ல நிறம், ஓரத்திலிருந்தோ கீழிருந்தோ பார்த்தால் வெளுத்துப் போகும். நம் வீடுகளில் யார் நேராக உட்கார்ந்து பார்க்கிறோம்? ஒருவர் பாயில், ஒருவர் வாசற்படியில், ஒருவர் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தபடி. கடைக்காரர் கேபிள் இல்லை என்று சொன்னால் அந்தக் கடையே வேண்டாம்.

அடுத்தது அந்த '4கே'. பெட்டியில் பெரிதாக 4கே என்றிருக்கும், பக்கத்தில் பொடி எழுத்தில் 'சப்போர்ட்' என்றிருக்கும். 4கே படத்தை வாங்கிக்கொள்ளும், ஆனால் காட்டுவது அதைவிடக் குறைந்த புள்ளிகளில்தான் என்று அதற்கு அர்த்தம். விவரப் பட்டியலில் 3840 x 2160 என்ற எண் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அது 4கே இல்லை. போகும்போது தையல் டேப் ஒன்றையும் எடுத்துப் போங்கள். திரையை மட்டும், சட்டத்தை விட்டுவிட்டு, மூலைக்கு மூலை குறுக்காக அளக்க வேண்டும். 43 என்றால் ஏறக்குறைய 108 சென்டிமீட்டர், 32 என்றால் 80 வர வேண்டும். டேப்பை எடுத்தாலே சில கடைகளில் பேச்சு மாறும்!

பின்பக்க ஸ்டிக்கரில் பி.ஐ.எஸ். முத்திரையும், 'ஆர்' என்ற ஆங்கில எழுத்தில் ஆரம்பிக்கும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். இந்த அளவு டி.வி.களுக்கு அது கட்டாயம். 'பி.ஐ.எஸ். கேர்' என்ற செயலியில் அந்த எண்ணைப் போட்டால் எந்தக் கம்பெனிக்குக் கொடுத்தது என்று காட்டும். உங்கள் பெண்ணிடம் போனைக் கொடுத்தால் ஒரு நிமிடத்தில் பார்த்துச் சொல்லிவிடுவாள்.

பெரிய டி.வி. இப்போது மலிவு என்று கடைக்காரர் சொல்லியிருந்தால் அது பொய்யில்லை. 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டி.வி.களுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதமாக இருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் 18 ஆகிவிட்டது. 32-க்கு முன்பே 18தான். மாமியாருக்குக் கண் மங்கல் இருந்தால் பெரிய திரை உதவும் என்பதும் சரி. ஆனால் இலவச டி.வி. 14 அங்குலம். அதில் இத்தனை வருஷம் பார்த்த கண்ணுக்கு 32 அங்குலமே நாலு மடங்குக்கு மேல் பரப்பு. கூடத்தின் நீளச் சுவரில் மாட்டாமல், உட்காரும் இடத்துக்கு ஐந்தாறு அடிக்குள் வரும்படி, தரையில் இருப்பவர் கண்ணுக்கு நேராக வையுங்கள். ஆணி இருக்கிறதே என்று காலண்டர் உயரத்துக்கு மாட்டி, கழுத்து வலியில் கிடக்கிற வீடுகள் எத்தனையோ.

வீட்டுக்காரர் யூடியூபில் விவசாய வீடியோ பார்க்க ஆசைப்படுவார், பெண்ணுக்குப் பாடம் வேண்டும். அதற்கு 32-இலும் வழி இருக்கிறது. கல்வித் தொலைக்காட்சி கேபிளிலேயே வருகிறது, அதற்கு நெட் செலவே இல்லை. யூடியூப் என்றால் போனிலிருந்து ஹாட்ஸ்பாட் போட வேண்டியிருக்கும். தெளிவான படமாக ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு ஜி.பி.க்குக் குறையாது, மூன்று வரைகூடப் போகும். நாளுக்கு ஒன்றரை ஜி.பி. பேக் போட்டிருப்பவர் ஒரு வீடியோ முடிவதற்குள் சுற்றுகிற வட்டத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். செட்டிங்கில் படத்தின் தரத்தை 480-க்குக் குறைத்து வைத்தால் தாங்கும். 32 அங்குலத்தில் அது ஒன்றும் மோசமாகத் தெரியாது. இன்னொன்று, இந்த விலை டி.வி.களில் நினைவகம் பெரும்பாலும் ஒரு ஜி.பி.தான். இரண்டு மூன்று வருஷத்தில் ஸ்மார்ட் வேலை மந்தமாகிவிடும். அப்போது எச்.டி.எம்.ஐ. துளையில் செருகும் குச்சி ஒன்று வாங்கினால் போதும். அதனால் 'ஸ்மார்ட்' என்ற சொல்லுக்காகப் பணம் கூட்டிக் கொடுக்காதீர்கள்.

இனி தவணை. எனக்கு உறுத்துவது இதுதான். வட்டியில்லாத் தவணை என்பார்கள். ஆவணக் கட்டணம், செயலாக்கக் கட்டணம் என்று முதலிலேயே ஒரு தொகை போகும். அதுகூடப் பரவாயில்லை. மாதச் சம்பளக்காரருக்கு ஒன்றாம் தேதி கணக்கில் பணம் விழும், ஐந்தாம் தேதி தவணை போகும். நமக்குப் பணம் வருவது மல்லாட்டை போட்டால், நெல் போட்டால். நடுவில் நாலு மாதம் கணக்கு காலி. தவணைத் தேதியில் பணம் இல்லையென்றால் வங்கி ஒரு அபராதம், கடன் கொடுத்த நிதி நிறுவனம் ஒரு அபராதம் என்று இரண்டு பக்கமும் பிடிப்பார்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் மிக்ஸிக்குப் போட்ட தவணையில் மூன்று மாதம் தவறி, அபராதமாகவே இன்னொரு மிக்ஸி விலையைக் கட்டினார். ஏக்கருக்கு 50 கிலோ விதைப்பருப்பு வேண்டும். ஆடி பிறந்ததும் விதை விலை எப்படி ஏறும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 12,500-ஐ ரொக்கமாகக் கொடுங்கள். வித்தியாசமான 3,500 உங்கள் விதைக்கு.

பெயர் தெரிந்த கம்பெனி என்பதால் மட்டும் நம்பிவிட வேண்டாம். வாங்குவதற்கு முன் அந்தக் கம்பெனியின் இலவச எண்ணுக்கு அடித்து, உங்கள் பின்கோடைச் சொல்லி, 'இந்த ஊருக்கு வீட்டுக்கு வந்து பார்ப்பீங்களா, எந்த ஊர் சென்டரிலிருந்து வருவீங்க?' என்று கேளுங்கள். கேள்விப்படாத கம்பெனிக்கு 'மூன்று வருஷ வாரன்ட்டி' என்று கடைக்காரர் தன் சீட்டில் கையால் எழுதிக் கொடுத்தால், அது அவர் கடை இருக்கும் வரைக்கும்தான். டி.வி.யில் விலை உயர்ந்த பாகம் திரை. அது போனால் மாற்றுவதற்கு ஏறக்குறைய புது டி.வி. விலை ஆகும், பல சின்னக் கம்பெனிகளுக்குக் கிடைக்கவே கிடைக்காது. வீட்டுக்கு வந்ததும் பெட்டியைப் பிரித்து, போட்டுப் பார்த்து, திரையில் கீறலோ கோடோ இல்லை என்று உறுதி செய்த பிறகே கொண்டுவந்தவரை அனுப்புங்கள். ஜி.எஸ்.டி. பில்லில் டி.வி.யின் சீரியல் எண் இருக்கட்டும். அந்த மூன்று ஒயர் செருக இடம் இருக்கிறதா என்றும் பாருங்கள், புது டி.வி. சிலவற்றில் ஒரே துளைதான் இருக்கும், அதற்கு ஒரு இணைப்பு ஒயர் தனியாக வேண்டும்.

பழைய டி.வி. இடியில் போனது என்றீர்கள். சித்திரை, வைகாசி கோடை மழை சும்மா வராது. வானம் கறுத்தால் சுவிட்சை அணைப்பது மட்டும் போதாது, பிளக்கைப் பிடுங்க வேண்டும், கேபிள் ஒயரையும் கழற்றிவிட வேண்டும். மின்னல் அந்த ஒயர் வழியாகவும் உள்ளே வரும். எங்கள் தெருவில் நடந்தது வேறு. காற்றுக்குப் புளியங்கிளை விழுந்து கம்பத்தில் நியூட்ரல் கம்பி அறுந்தது. நியூட்ரல் போனால் சில வீடுகளுக்கு 230 வோல்ட்டுக்குப் பதில் 300, 400 என்று பாயும். என் டி.வி.யும் எதிர்வீட்டு ஃபேனும் ஒரே நிமிடத்தில் கருகின. வாரன்ட்டியில் வராது என்று கையை விரித்துவிட்டார்கள். இன்றைய டி.வி.கள் குறைந்த மின்னழுத்தத்தைத் தாங்கிக்கொள்ளும், அதற்காக ஸ்டெபிலைசர் வேண்டியதில்லை. ஆனால் அழுத்தம் ஏறினால் தானே துண்டித்துக்கொள்ளும் வசதி உள்ள சின்ன டி.வி. ஸ்டெபிலைசர் ஒன்றை வாங்கிப் போடுங்கள். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் சரியாக இருக்கிறதா என்றும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

மாமியார் வீட்டுக்குள்ளேயே சீரியல் பார்க்க ஆரம்பித்ததும் ஒரு வரி எழுதிப் போடுங்கள்.

'எங்கள் எல்.இ.டி. டி.வி.யில் சத்தம் வருகிறது, படம் வரவில்லை. திரை போய்விட்டது, புதிது வாங்குங்கள் என்கிறார் கடைக்காரர். வேறு வழி உண்டா?'

- அரியலூர் மாவட்ட வாசகர்

இருக்கலாம். ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு, டி.வி.யைப் போட்டு, டார்ச் வெளிச்சத்தைத் திரைக்கு மிக அருகில் சாய்வாக அடித்துப் பாருங்கள். மங்கலாகப் படம் அசைவது தெரிந்தால் திரை நன்றாகத்தான் இருக்கிறது. உள்ளே வெளிச்சம் தரும் எல்.இ.டி. பட்டைகளோ, அதற்கு மின்சாரம் கொடுக்கும் பகுதியோதான் போயிருக்கும். டவுனில் டி.வி. மெக்கானிக்கிடம் 'பேக்லைட் பார்க்கணும்' என்று சொல்லிக் கொண்டுபோங்கள். பட்டையை மாற்றும்போது எரிந்த ஒன்றை மட்டும் மாற்றாமல் எல்லாவற்றையும் சேர்த்து மாற்றச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் அடுத்த பட்டைக்கு மறுபடி கூலி கொடுக்க வேண்டிவரும். சரியாகி வந்ததும் படத்தின் வெளிச்சத்தைப் பாதிக்குக் கொஞ்சம் மேலே மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். எப்போதும் முழு வெளிச்சத்தில் ஓடினால் பட்டை சீக்கிரம் போகும்.