எறியும் முன் விழப் பழகட்டும்



வீரபாண்டிப் பகுதியில் பனியன் கம்பெனி ஷிப்ட் முடிந்து வரும் இளைஞர்கள் சிலர், செல்போனில் வீடியோ பார்த்து மொட்டை மாடியில் ஜோடியாக ஜூடோ பழகுகிறார்கள். ஆர்வம் நல்லதுதான்; கீழே இருப்பது சிமென்ட் தளம் என்பதுதான் கவலை.

1882-ல் ஜப்பானில் ஜிகோரோ கானோ உருவாக்கிய இந்தக் கலையில் முதலில் பழகவேண்டியது விழுவது. 'உகெமி' எனும் அந்தப் பயிற்சியில் மோவாயை மார்போடு ஒட்டி, தலை தரையில் படாமல், கையால் தரையை அறைந்து விழ வேண்டும். இது கைவராதவரை 'ஓசோட்டோ காரி' முறையில் காலை வாரிப் பின்பக்கம் சாய்த்தால் பின்மண்டை மோதும். துணி கட்டிங் வேஸ்ட் அடைத்த மெத்தையும் ஜூடோவுக்கான 'மேட்' விரிப்புக்கு ஈடாகாது; கால் புதைந்தால் முட்டி திருகிக்கொள்ளும்.

வீட்டில் செய்யத் தக்கது 'உச்சிகோமி'. உடுப்பைப் பிடித்து இழுத்து, எதிராளியின் நிலையைக் குலைத்து, இடுப்பைத் திருப்பி உள்ளே நுழைந்து, தூக்காமலே விலகுவது. எறிவதைப் பயிற்சியாளர் முன்னிலையில், மேட் விரிப்பின்மேல் வைத்துக்கொள்ளட்டும்.

2022 பர்மிங்காம் காமன்வெல்த் போட்டியில் ஜூடோவில் இந்தியாவின் சுசீலா தேவியும் துலிகா மானும் வெள்ளி வென்றார்கள். 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் அதே விளையாட்டில் கபில் பர்மார் வெண்கலம் வென்றார். நம் பிள்ளைகளுக்கும் ஆசை இருக்கிறது, இடம்தான் இல்லை. மாநகராட்சிப் பள்ளி ஒன்றில் மேட் விரித்த கூடமும், இரவு ஷிப்ட் போகாதவர்களுக்கு மாலையிலும் மற்றவர்களுக்கு ஞாயிறு காலையிலும் பயிற்சியாளர் ஒருவரும் கிடைக்க அதிகாரிகள் ஆவன செய்ய வேண்டும்.

– ஒரு வாசகர், வீரபாண்டி, திருப்பூர்