சுற்றுகளை எண்ணினால் போதாது: பார்க்கின்சன் விலங்கு ஆய்வுகள் குறித்து எங்கள் நிலைப்பாடு

பார்க்கின்சன் நோயாளிகளும் அவர்களைப் பார்த்துக்கொள்ளும் குடும்பத்தாரும் சேர்ந்து நடத்தும் அமைப்பு எங்களுடையது. இந்த நோயை ஆராய எலியையும் குரங்கையும் வதைப்பது சரிதானா என்று எங்களிடம் அடிக்கடி கேட்கிறார்கள். நடை ஏன் கெடுகிறது, முதுகு ஏன் வளைகிறது, நோயாளி ஏன் விழுகிறார் என்பவற்றை அறிய விலங்கு ஆய்வு இன்னும் தேவைப்படுகிறது என்பதே எங்கள் கருத்து. ஆனால் இந்தக் கேள்விகளைத் தொடாமல், பழக்கத்தால் மட்டும் தொடரும் சோதனைகளுக்கு எங்கள் ஆதரவு இல்லை.

விலங்குகளுக்கு நாங்கள் பட்ட கடன் பெரிது. 1957இல் ஸ்வீடனின் அர்விட் கார்ல்சன், ரிசர்பின் என்ற மருந்து கொடுத்து அசைவற்றுப்போன முயல்களை டோபா கொடுத்து மறுபடி நடமாட வைத்தார். எங்கள் உறுப்பினர்கள் தினமும் விழுங்கும் லெவோடோபா மாத்திரைக்கு அதுதான் தொடக்கம். 1982இல் கலிபோர்னியாவில், கலப்படமான செயற்கை ஹெராயினைச் செலுத்திக்கொண்ட இளைஞர்கள் சிலர் சிலைபோல் உறைந்துபோனார்கள். காரணம் எம்.பி.டி.பி. என்ற ரசாயனம். அதையே குரங்குகளுக்குக் கொடுத்து நோயின் மாதிரியை உருவாக்கினார்கள். அத்தகைய குரங்குகளில் மூளையின் உள்ளே சப்தாலமிக் உட்கரு என்ற பகுதியை அழித்தால் அசைவு திரும்புகிறது என்று மாலன் டிலாங் குழு 1990இல் காட்டியது. இன்று மூளைக்குள் மின்முனை பொருத்தும் சிகிச்சையில் அந்த இடமே முக்கிய இலக்கு.

எங்களை உறுத்துவது இதற்குப் பின் வேரூன்றிவிட்ட பழக்கம். எலி மூளையின் ஒரு பக்கத்தில் மட்டும் 6-ஹைட்ராக்சிடோபமின் என்ற நச்சைச் செலுத்தி டோபமின் நரம்புகளை அழிக்கும் முறை, 1960களின் இறுதியில் உங்கர்ஸ்டெட் என்ற ஆய்வாளர் தொடங்கிவைத்தது. பிறகு அம்பெட்டமின் கொடுத்தால் எலி செக்குமாடு மாதிரி ஒரே பக்கமாகச் சுற்றும், சுற்றுகளை எண்ணுவார்கள். நரம்பு அழிந்ததா, மருந்து டோபமின் வழியாக வேலை செய்கிறதா என்று பார்க்க இது நல்ல அளவுகோல்தான். ஆனால் வட்டமடிக்கிறேன் என்று எந்த நோயாளியும் மருத்துவரிடம் போவதில்லை. சுழலும் உருளையில் எலி எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கிறது என்ற சோதனையும் அப்படித்தான்: எலியின் எடை, களைப்பு, பயிற்சி எல்லாம் அதில் கலந்துவிடுகின்றன. கண்ணாடிக் குடுவைக்குள் எலி எழும்போது எந்த முன்னங்காலைச் சுவரில் ஊன்றுகிறது என்று பார்ப்பது எவ்வளவோ மேல். மருந்து கொடுத்துத் தூண்டாமல், எலி தானாகச் செய்வதை அது காட்டுகிறது.

உடல் முன்னோக்கிக் குனிவதையும், நடை தன்னை மீறி ஓட்டமாவதையும் ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817இலேயே எழுதிவைத்தார். விறைப்பும் மந்தமும், டோபமின் குறையை ஈடுசெய்யும் லெவோடோபாவால் தணிகின்றன. தடுமாற்றம் பெரும்பாலும் தணிவதில்லை. அப்படியானால் டோபமின் மட்டும் காரணமாக இருக்க முடியாது. மூளைத்தண்டில் அசிட்டைல்கோலின் என்ற நரம்புக் கடத்தியைச் சுரக்கும் செல்கள், விழும் நோயாளிகளிடம் விழாதவர்களைவிடக் குறைவாக இருப்பதை 2010இல் வெளியான ஓர் ஆய்வு கண்டது. அதே ஆய்வில், குரங்குகளில் அந்தச் செல்களை அழித்தபோது நடையும் நிற்கும் நிலையும் கெட்டன. மிச்சிகனில் மார்ட்டின் சார்ட்டர் குழு, டோபமினும் அசிட்டைல்கோலினும் சேர்ந்து குறைந்த எலிகளைக் குறுகிய, சுழலும் கம்பிமேல் நடக்கவிட்டு, அவை எப்போது தவறி விழுகின்றன என்று பார்த்தது. எங்கள் வீடுகளில் நடப்பதற்கு நெருக்கமான கேள்வி இதுதான். 2016இல் பிரிட்டனில் 130 நோயாளிகளிடம் நடந்த சோதனையில், அசிட்டைல்கோலினைக் காக்கும் ரிவாஸ்டிக்மின் நடையைச் சீராக்கியது. இந்தத் திசையில்தான் பணமும் விலங்குகளும் செலவாக வேண்டும்.

நாலு காலில், தரையை ஒட்டி நிற்கும் எலி மனிதரைப்போல் விழாது. ஆகவே எலியில் கிடைத்த முடிவை அப்படியே நோயாளிமேல் ஏற்றிச் சொல்லும் செய்தி அறிக்கைகளை நாங்கள் நம்பச் சொல்லமாட்டோம். குரங்கு நம்மோடு இன்னும் நெருங்கியது. அந்த நெருக்கத்தாலேயே அதைப் பயன்படுத்தச் சொல்லும் காரணமும் அத்தனை வலுவாக இருக்க வேண்டும். முதுமையில் வரும் நோயை இளம் ஆண் விலங்குகளில் மட்டும் ஆராய்வதும் நிற்க வேண்டும்.

மனிதரிடமே அளக்க முடிந்ததை மனிதரிடமே அளக்க வேண்டும். இடுப்பில் கட்டும் சிறு சென்சாரே நடையைப் பதிவுசெய்யும்போது, அதே விவரத்துக்காக ஒரு விலங்கு எதற்கு? இரு பக்க நரம்பும் அழிந்த எலி தானாக உண்பதையும் குடிப்பதையும் நிறுத்திவிடும் என்பது ஆய்வாளர்களுக்கு வெகுகாலமாகத் தெரியும். ஊட்டுவது யார், எந்த நிலையில் சோதனையை முடித்துக்கொள்வது என்பதெல்லாம் விண்ணப்பத்திலேயே இருக்க வேண்டும். எதிர்பார்த்த பலன் கிடைக்காத ஆய்வையும் வெளியிட வேண்டும். மறைத்தால் இன்னொரு ஆய்வுக்கூடத்தில் அதே சோதனைக்காக விலங்குகள் மறுபடி சாகும்.

இந்தியாவில் நிறுவன விலங்கு நெறிமுறைக் குழுக்களில் சமூக அக்கறையுள்ள ஒருவருக்கு இடம் உண்டு. பார்க்கின்சன் ஆய்வு பரிசீலனைக்கு வரும்போது, இந்நோயோடு வாழும் ஒருவரின் கருத்தையும் அக்குழு கேட்க வேண்டும். சுற்றுகளின் எண்ணிக்கையை மட்டுமே முடிவாகக் காட்டிவிட்டு, நடைக்கும் சமநிலைக்கும் தீர்வு தேடுவதாகச் சொல்லும் எந்தத் திட்டத்துக்கும் எங்கள் அமைப்பு ஆதரவுக் கடிதம் தராது.