மெஷின் வந்துருச்சு, மாஸ்க்கை யார் மாட்டிவிடுறது?

குறட்டை விட்டுத் தூங்குறவனைப் பார்த்தா, "கொடுத்து வெச்சவன், எப்படித் தூங்குறான் பாரு" என்பதுதான் எங்க ஊர்ப் பேச்சு. எல்லாக் குறட்டையும் வியாதி இல்லைங்க. ஆனா நடுவுல மூச்சு நின்னு நின்னு வந்தா அது தூக்கமே இல்லை. தொண்டை தளர்ந்து காற்று போகிற வழி அடைபடுகிறது. 10 விநாடி, அதற்கு மேலும் மூச்சு நிற்கும். அப்புறம் மூளை உலுக்கி எழுப்பும். ராத்திரி முழுக்க இதே கதை. பகலில் டிராக்டர் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே கண் சொக்கும். பிரஷரும் கூடவே ஏறும்.

இதுக்கு டாக்டர் எழுதிக் கொடுக்கறது சிபாப் மெஷின். மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தி அனுப்பி, அடைபடும் வழியைத் திறந்தே வைத்திருக்கும். எனக்குத் தெரிந்து எங்க ஊரில் மூன்று வீட்டில் இது இருக்கு. மூன்றுமே சென்னை, பெங்களூரில் இருக்கிற பிள்ளைகள் வாங்கிக் கொடுத்தது. அதில் இரண்டு, பீரோ மேல தூசி படிஞ்சு கிடக்குது. போனில் கேட்டால் பிள்ளைகள் சொல்வது ஒன்றுதான்: "அப்பா பிடிவாதம் பிடிக்கிறாருங்க, மாட்டவே மாட்டேங்கிறார்."

பிடிவாதம் இல்லைங்க. மாஸ்க் பொருந்தலை. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

இது இன்னைக்கு நேத்து வந்த சிக்கலும் இல்லை. 1980-ல் ஆஸ்திரேலியாவின் சிட்னியில் காலின் சல்லிவன் என்ற டாக்டர் இந்த முறையைக் கண்டுபிடித்தபோது, காற்றுக்கு வேக்குவம் கிளீனர் மோட்டாரே போதுமாக இருந்தது. மாஸ்க்குக்குத்தான் பாடுபட்டார்கள். ஒவ்வொருவர் மூக்குக்கும் தனியாக அச்சு எடுத்து, ராத்திரி பசை போட்டு ஒட்டினார்கள். ஆக, மெஷின் யாருக்கும் ஒண்ணுதான். மாஸ்க் ஆளுக்கு ஆள் வேற. கடைக்காரர் பெட்டியில் போட்டுக் கொடுத்த மாஸ்க்கே எங்க பெரியப்பன் மூக்குக்கும் பொருந்தணும்னு என்ன இருக்கு?

பெரியப்பன் வீட்டு மெஷின் மட்டும்தான் இப்போ தினமும் ஓடுது. அங்கே உட்கார்ந்து பார்த்ததில் தெரிஞ்சதைச் சொல்றேன்.

காற்று கசியுதுன்னா எல்லாரும் முதலில் செய்வது, வாரை இழுத்து இறுக்குவது. பைப் ஜாயிண்ட்டில் வாஷரை ரொம்ப இறுக்கினால் நசுங்கி இன்னும் ஒழுகுமே, அதே கணக்குதான். மாஸ்க்கின் சிலிக்கான் விளிம்பு காற்றில் லேசாக உப்பி, முகத்தில் படிய வேண்டும். இறுக்கினால் மடிந்து கசியும், மூக்குத் தண்டில் புண்ணும் வரும். உட்கார்ந்த நிலையில் அளவு பார்க்கவும் கூடாது. படுக்க வைத்து, மெஷினை ஓடவிட்டு, அப்புறம் வாரைச் சரிசெய்ய வேண்டும். படுத்தால் கன்னமும் தாடையும் வேற மாதிரி ஆயிடும். பல் செட்டைக் கழற்றி வைத்துப் படுப்பவருக்கு, கழற்றிய பிறகுதான் அளவு.

அடுத்தது எண்ணெய். தலைக்கு வைக்கிற தேங்காயெண்ணெய் நெற்றிக்கும் கன்னத்துக்கும் இறங்கினால் மாஸ்க் வழுக்கிக்கிட்டே இருக்கும். படுக்கும் முன் சோப்புப் போட்டு முகம் கழுவி, விளிம்பையும் தினமும் துடைத்தாலே பாதிக் கசிவு நின்னுடும். மீசை பெரிசா இருந்தா, மூக்குத் துவாரத்தில் மட்டும் பதியும் சின்ன வகை சௌகரியம். வாயைத் திறந்து தூங்குபவருக்கு வாயும் மூக்கும் சேர்த்து மூடும் வகை. கன்னத்தை வார் அறுத்தால், பழைய வேட்டித் துணியை வாரில் சுற்றிவிடலாம். குழாய் இழுக்காமல் இருக்க, தலைமாட்டுச் சுவரில் ஒரு ஆணி போதும்.

கரண்ட் போனால் மூச்சு முட்டிச் செத்துடுவோமோ என்ற பயம் பெரியவர்களுக்கு நிறைய. வாயையும் மூடும் மாஸ்க்கில், காற்று நின்றதும் திறந்துகொள்ளும் வால்வு இருக்கு. அதைக் கையில் எடுத்துக் காட்டணும். த்ரீ பேஸ் கரண்ட் நடுராத்திரி வந்தால் எழுந்துபோய் மோட்டார் போடணும், மடை திருப்பணும். அதுக்காக வாரையெல்லாம் அவிழ்க்க வேண்டியதில்லை. பெரும்பாலான மாஸ்க்கில் குழாயை மட்டும் கழற்றிட்டுப் போகலாம். இது தெரியாமலே, "வந்து யார் திரும்ப மாட்டறது?" என்று விட்டவர்கள் உண்டு.

ஒரு எச்சரிக்கை. சில மாஸ்க்கில் வாரை மாட்டுவது காந்தக் கொக்கி. பேஸ்மேக்கர் வைத்தவர்களுக்கும், அவர்கள் பக்கத்தில் படுப்பவர்களுக்கும் அது ஆகாது. வாங்கும்போதே கேளுங்க. புண் ஆறவில்லை என்றாலோ, எப்படி மாட்டினாலும் கசிந்தாலோ டாக்டரிடம் சொல்லி வேற அளவுதான் பார்க்கணும்.

இதில் எதுவும் பெரிய வித்தை இல்லை. ஆனால் கூரியரில் வராது, வீடியோ காலில் முடியாது. மாட்டாத ராத்திரிக்கு மெஷினால் ஒரு பிரயோசனமும் கிடையாது. ஆயிரக்கணக்கில் செலவு பண்ணின பிள்ளைகளைக் குறை சொல்லலைங்க. அடுத்த லீவுக்கு ஊருக்கு வரும்போது, சாப்பிட்டதும் காரைக் கிளப்பாம ஒரு ராத்திரி தங்குங்க. அப்பா முகத்தைக் கழுவச் சொல்லி, படுக்க வெச்சு, நீங்களே மாஸ்க்கை மாட்டிவிடுங்க. நடுவுல ரெண்டு தடவை எழுந்து, கன்னத்துப் பக்கம் கையை வெச்சுக் காற்று கசியுதான்னு பாருங்க. காலையில் பல மெஷின்களின் திரையே கசிவு எவ்வளவுன்னு காட்டிடும். அதைப் பார்த்துட்டு ஊருக்குக் கிளம்புங்க.