றீமாஸ்டர் பண்ணுங்க, ஆனா எங்கட பாட்டுக்கு மேல புது ட்ரம் அடிக்காதீங்க

பிங்க் ஃபுளொய்டின் 'த டார்க் சைட் ஒஃப் த மூன்' 1973இல வெளிவந்த அல்பம். 2003இல அதை ஒருக்கா மெருகேற்றி வெளியிட்டாங்க. 2011இல பெரிய பெட்டி ஒண்டில போட்டுத் திரும்ப வித்தாங்க. 2023இல ஐம்பது வருசம் முடிஞ்சுது எண்டு இன்னொரு பெட்டி. எங்கட ஃபக்கல்ற்றியில கிற்றார் பிடிக்கிற பொடியன்மார் ரெண்டு பேர் சந்திச்சா, எந்த வருசத்துப் பதிப்பு நல்லது எண்டு அரை மணித்தியாலம் சண்டை பிடிப்பாங்க. பிடிக்கட்டும், எனக்கும் அந்த அல்பம் பிடிக்கும்.

ஆனா அதே பொடியன்மாரிட்ட நித்தி கனகரத்தினத்தின்ட 'சின்ன மாமியே'யை நல்ல ஒலியில எங்க கேட்கலாம் எண்டு கேட்டுப் பாருங்க. யூடியூப்ல கிடக்கு எண்டுவாங்க. கிடக்குத்தான், கிணத்துக்குள்ள இருந்து ஆரோ பாடுற மாதிரி.

பழைய றொக் அல்பங்களை றீமாஸ்டர் பண்ணலாமா கூடாதா எண்ட விவாதத்தில எனக்கு ஒரு நிலைப்பாடு இருக்கு. மூண்டு தரம் மெருகேற்றின பாட்டுக்கு நாலாவது தரம் தேவையில்லை. ஒருக்காக்கூட ஒழுங்காத் துடைக்கப்படாத பாட்டுக்கு முதலாவது தரம் கட்டாயம் தேவை. இலங்கைத் தமிழ்ப் பொப் பாடல்கள் ரெண்டாவது வகை. எங்கட கிளாசிக் றொக் எண்டா அதுதான்.

தெரியாத ஆக்களுக்குச் சுருக்கமாச் சொல்றன். 1960களின்ட கடைசியிலயும் 70களிலயும் இந்த நாட்டில தமிழ்ப் பொடியன்மார் கிற்றாரும் பொங்கோவும் எடுத்துக்கொண்டு, சினிமாவைப் பார்க்காம, தங்கட பேச்சுத்தமிழிலயே பாட்டுக் கட்டினாங்க. இலங்கை வானொலி அதை வீடு வீடாக் கொண்டு போனது. ஏ.ஈ. மனோகரன் பாடின 'சுராங்கனி' கடல் தாண்டிப் போய், 1977இல 'அவர் எனக்கே சொந்தம்' எண்ட தமிழ்நாட்டுப் படத்துக்குள்ளயே நுழைஞ்சுது. இண்டைக்கும் அங்க எத்தனையோ பேர் அதை ஒரு சினிமாப் பாட்டு எண்டே நினைக்கிறாங்க. மனோகரன் 2018 ஜனவரியில சென்னையில காலமானார். அந்தப் பாட்டுகளுக்குக் கீழ ஓடுற பைலாத் தாளத்துக்கும் எங்கட வாவிக்கரைக்கும் தொடர்பில்லை எண்டு நினைக்காதீங்க. போர்த்துக்கீசர் விட்டுட்டுப் போன சொல்லும் ஆட்டமும் மட்டக்களப்புப் பறங்கியர் வீடுகளில இன்னும் மிச்சம் இருக்கு. அதைப் பதிவு செய்து ஆவணப்படுத்த லிஸ்பனில இருந்து ஆய்வாளர்கள் வந்து போனாங்க. நாங்க என்ன செய்தம்?

இப்ப எதிர்த்தரப்புக்கு வாறன். அதில ரெண்டு கூட்டம் இருக்கு.

முதல் கூட்டம் "பழசைப் பழசாவே விடு, அந்தக் கரகரப்புலதான் உயிர் இருக்கு" எண்டு சொல்ற ஆக்கள். கேட்க வடிவாத்தான் இருக்கும். ஆனா நீங்க ரசிக்கிற அந்தக் கரகரப்புப் பாடகர் தந்ததில்லை. ஒரு இசைத்தட்டு, தேய்ஞ்ச ஊசியில ஓடி, ஒரு கசெற்றுக்கு ஏறி, அந்தக் கசெற்றில இருந்து இன்னொரு கசெற்றுக்கு ஏறி, மறுகா ஆரோ ஒருத்தர் அதைச் சின்ன எம்பி3 ஆக்கி ஏத்தினதுதான் உங்கட காதுக்கு வருது. பிளேயரின்ட பெல்ட் தளர்ந்தா வேகம் குறையும், வேகம் குறைஞ்சா சுருதி இறங்கும். நீங்க "அந்தக் காலத்துக் குரல்" எண்டு உருகிறது சில நேரம் ஒரு தளர்ந்த பெல்ட்டின்ட குரல். வானொலி நிலையத்தில அண்டைக்குப் பாடின மனிசன் கேட்ட சத்தம் இதில்லை. தூசியைத் துடைக்கிறது துரோகம் எண்டா, ஒரு ஓலைச்சுவடியைத் துடைச்சுப் படிக்கிறதும் துரோகம்தான்.

வாவிக்குப் பக்கத்தில வாழ்ற எங்களுக்கு இதில அவசரமும் இருக்கு. ஈரக்காத்தில கசெற் நாடா பூஞ்சணம் பிடிச்சு ஒண்டோட ஒண்டு ஒட்டிப்போகும். 1978 நவம்பர் சூறாவளி, மறுகா யுத்தத்தில இடம்பெயர்வு, 2004 சுனாமி. இந்த ஊரில எந்த வீட்டு அலுமாரியில பழைய இசைத்தட்டு மிஞ்சியிருக்கும் எண்டு நினைக்கிறீங்க? மிஞ்சினதையும் "அழகு" எண்டு சொல்லி உக்க விடுறது ரசனையில்லை, சோம்பல்.

ரெண்டாவது கூட்டம்தான் எனக்கு உண்மையில கோவம் வாற கூட்டம். இவங்க பழைய பாட்டை எடுப்பாங்க, அதுக்கு மேல கீபோட்டில இருந்து ஒரு ட்ரம் லூப்பைப் போடுவாங்க, பேஸைக் கூட்டுவாங்க, "டிஜிற்றல் றீமாஸ்டர்" எண்டு பேர் வைப்பாங்க. எழுதினவர் பேர் இருக்காது, கிற்றார் வாசிச்சவர் பேர் இருக்காது. ஆனா ஏத்தினவரின்ட லோகோ மட்டும் நடுவில மின்னும். போன மாசம் ஒரு கலியாண வீட்டில இப்பிடி ஒண்டைப் போட்டாங்க. என்ர பெரியம்மாவுக்குப் பாட்டைப் பிடிபடவே ரெண்டாவது சரணம் வரைக்கும் ஆச்சு.

இதுக்குப் பேர் றீமாஸ்டர் இல்லை. றீமாஸ்டர் எண்டா, முடிஞ்ச கலவையை அப்பிடியே வச்சுக்கொண்டு இரைச்சலையும் சமநிலையையும் திருத்திறது. குரலையும் வாத்தியத்தையும் பிரிச்சுத் திரும்பக் கலக்கிறது றீமிக்ஸ். புதுசா வாசிச்சுச் சேர்க்கிறது வேற வேலை, அதுக்கு வேற பேர் வைக்கவேணும்.

பெரிய ஆக்களும் இதில விழுந்து எழும்பினவங்கதான். 2002இல ஒஸி ஒஸ்போனின்ட முதல் ரெண்டு அல்பங்களையும் திரும்ப வெளியிடேக்க, பழைய பேஸையும் ட்ரம்மையும் அழிச்சுப்போட்டு வேற ஆக்களை வச்சு வாசிச்சாங்க. ரசிகர்கள் விடேல்ல. 2011இல பழைய வாசிப்பையே திரும்பக் கொண்டுவர வேண்டி வந்தது. ஸ்டூஜஸின்ட 'றோ பவர்' 1973இல வந்த அல்பம். இகி பொப்பே 1997இல அதைத் திரும்பக் கலந்து, ஒலி உடையிற அளவுக்குச் சத்தத்தை ஏத்தினார். 2010இல டேவிட் போவியின்ட பழைய கலவையும் கடைக்குத் திரும்பி வந்தது. அங்க பழசு பெட்டகத்தில பத்திரமா இருந்தது, அதால பிழையைத் திருத்த ஏலுமா இருந்தது. எங்களிட்ட அந்தப் பெட்டகம் எங்க? ட்ரம் போட்ட பிரதி மட்டும் மிஞ்சினா, நாளைக்கு வாற பிள்ளைக்கு அதுதான் அசல்.

"மாஸ்டர் நாடாவே இல்லாம என்னத்தைச் செய்ய?" எண்டு கேட்பீங்க. பீற்றில்ஸின்ட 'நவ் அண்ட் தென்' 2023இல வெளிவந்தது. ஜோன் லெனன் வீட்டில பியானோ வாசிச்சுப் பாடின ஒரு சாதாரணக் கசெற்தான் அதுக்கு மூலம். 1995இல முயற்சி செய்து, பியானோ குரலை மூடுது எண்டு விட்டவங்க, கணினி குரலைத் தனியாப் பிரிச்சுக் குடுத்த பிறகு முடிச்சாங்க. அந்தளவு காசு எங்களிட்ட இல்லை, உண்மை. ஆனா குரலைப் பிரிக்கிற மென்பொருள் இப்ப இலவசமாவே கிடைக்குது. ட்ரம் லூப் போட நேரம் இருக்கிறவருக்கு இரைச்சல் குறைக்கவும் நேரம் இருக்கும்.

சட்டத்தையும் பார்க்கவேணும். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, ஒலிப்பதிவைத் தயாரிச்சவரின்ட உரிமை வெளியான ஆண்டுக்குப் பிறகு 50 வருசம். எழுதினவர், இசையமைச்சவரின்ட உரிமை அவர் இறந்து 70 வருசம் வரைக்கும். அதாவது 1973இல வெளிவந்த ஒரு இசைத்தட்டில கம்பனியின்ட உரிமை 2023ஓட முடிஞ்சிருக்கும், பாட்டுக் கட்டின மனிசன்ட உரிமை முடியாது. எங்கட ஆக்கள் இதைத் தலைகீழாச் செய்யிறாங்க. கேட்க வேண்டிய ஆளைத்தான் கேட்கிறதில்லை.

எங்கட ஊரவர் விபுலானந்த அடிகளார் யாழைப் பற்றி ஆராய்ஞ்சு 'யாழ் நூல்' எழுதினார், 1947இல அரங்கேற்றம். அவருக்குக் கேட்க ஒரு நொடி ஒலிகூட இல்லை. பழைய நூல்களில இருந்த சொல்லையும் கணக்கையும் வச்சுத்தான் மறைஞ்சுபோன வாத்தியத்தைத் தேடினார். எங்களுக்கு ஒலியே கையில இருக்கு. அதையும் துலைச்சுப்போட்டு, ஐம்பது வருசத்துக்குப் பிறகு ஒருத்தர் 'பொப் நூல்' எழுதவேணுமா?

செய்ய வேண்டியது பெரிய வேலையில்லை. வீட்டில இசைத்தட்டோ கசெற்றோ இருந்தா முதல்ல ஒண்டும் திருத்தாம, நல்ல தரத்தில அப்பிடியே பதிஞ்சு வைங்க. அந்தக் கோப்பை ஒருநாளும் தொடாதீங்க. அதின்ட பிரதியில மட்டும் துடைக்கிற வேலையைச் செய்யுங்க, என்ன செய்தீங்க எண்டும் எழுதுங்க. உறையில இருக்கிற ஒவ்வொரு பேரையும் எழுதுங்க. 2005இல இருந்து எங்கட புத்தகங்களை இணையத்தில சேர்த்து வாற நூலகம் மாதிரி, பாட்டுக்கும் ஒரு இடம் வேணும். கல்லடியில விபுலானந்தர் பேரிலயே ஒரு அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கு. ஒரு வருச மாணவர்களுக்கு இதையே ஆய்வாக் குடுத்தா என்ன?

ட்ரம் போட ஆசையா? தாராளமாப் போடுங்க. பாட்டுக் கட்டினவரைக் கேட்டுப் போடுங்க, றீமிக்ஸ் எண்டு எழுதிப் போடுங்க, கீழ உங்கட பேரோட அவரின்ட பேரையும் போடுங்க.