வெட்கமா? ஏமாற்றமா?

எபிரேயத்துல 'போஷ்'னு ஒரு வினைச்சொல். பழைய தமிழ் வேதாகமத்துல பெரும்பாலும் 'வெட்கப்படு'ன்னுதான் வரும். நமக்கு வெட்கம்னா? பொண்ணு பார்க்க வர்றப்ப கதவுக்குப் பின்னாடி நிக்கிறது :-) இல்லாட்டி தப்பு பண்ணி மாட்டிக்கிட்டு தலைகுனியறது. ஆதியாகமம் 2:25-ல ஆதாமும் ஏவாளும் நிர்வாணமா இருந்தும் வெட்கப்படலைங்கிற இடத்துக்கு அது பொருந்துது, சரி.

ஆனா யோபு 6-ஐ எடுத்துக்குங்க. தேமா, சேபா பக்கத்து வணிகக் கூட்டம் ஓடையில தண்ணி இருக்கும்னு நம்பி வருது. வந்து பார்த்தா வறண்டு கிடக்கு. அங்கே அவங்க 'போஷ்' ஆனாங்களாம். காரணமும் கூடவே இருக்கு: நம்பினதால. பாலைவனத்துல நாக்கு வறண்டு நிக்கிறவன் எதுக்குங்க வெட்கப்படணும்? அந்த ஓடைன்னு யோபு சொல்றது, கைவிட்ட தன் நண்பர்களைத்தான்.

சங்கீதம் 25-லயும் இதே சொல். எதிரிகள் சிரிப்பாங்களேங்கிற பயமும் அதுல உண்டு, இல்லைங்கல. ஆனா அதுக்கு முன்னாடி, நம்பின இடம் கைவிட்டுடுமோங்கிற பயம். மானப் பிரச்சினையா மட்டும் படிச்சா அது காணாமப் போயிடுது. என்னைக் கேட்டா, யோபு 6:20-லயாவது 'நம்பி ஏமாந்தாங்க'ன்னு போட்டிருக்கலாம்.