வௌவால் பெட்டி: மாட்டுமுன் யோசிக்க வேண்டியவை

குடியானவருக்கு உதவும் பிராணிகளில் வௌவாலைப் போல் அவப்பெயர் சுமப்பது வேறொன்றில்லை. வீட்டுக்குள் நுழைந்தால் அபசகுனம் என்பர். தோப்பில் பழம் தின்றால் கள்வன் என்பர். இளைப்பு நோய்க்கு மருந்தென்று பிடித்துத் தின்பவரும் உளர். சில காலமாக இதற்கு நேர்மாறான ஓர் உற்சாகம் தோன்றியிருக்கிறது. புழக்கடையில் ஒரு மரப்பெட்டியை மாட்டிவிட்டால் வௌவால் வந்து குடியேறும், கொசுவும் பயிர்ப்பூச்சியும் ஒழியும் என்று நம்பி, அளவும் படமும் கேட்டு வருகிறார்கள். பெட்டி வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. அந்நிய தேசத்துப் படத்தை அப்படியே பார்த்துச் செய்வதும், ஊரிலுள்ள பழைய இருப்பிடங்களை அழித்துவிட்டுப் புதுப் பெட்டி மாட்டுவதும் வீண் செலவு என்பதே நமது அபிப்பிராயம்.

வௌவால் என்பது ஒரே ஜாதியன்று. ஆலிலும் புளியிலும் பகற்பொழுதில் தலைகீழாகத் தொங்கும் பெரிய பழந்தின்னி வௌவால் எந்தப் பெட்டிக்கும் வராது. கோயில் மண்டப இருட்டில் கூட்டமாகத் தொங்குபவற்றிற் பலவும் வாரா. அவற்றிற்கு விரிந்த கூரை வேண்டும். ஓட்டுச் சந்திலும் சுவர் வெடிப்பிலும் உடலை நெருக்கிக்கொண்டு பகலைக் கழிக்கும் துரிஞ்சில் முதலிய சிறு வௌவால்களே பெட்டியை நாடுபவை. இவை பழத்தைத் தொடுவதில்லை. அந்துப்பூச்சி, வண்டு, தத்துப்பூச்சி, கொசு ஆகியவற்றைப் பறந்தபடியே பிடித்துத் தின்பவை. ஆகையால் பெட்டி மாட்டினால் மாந்தோப்புக்குக் கேடு வருமோ என்று அஞ்சவேண்டியதில்லை.

இவற்றால் நெற்பயிருக்கு அனுகூலம் உண்டு என்பதற்குச் சான்று இருக்கிறது. ஸ்பெயின் தேசத்தில் எப்ரோ நதியின் கழிமுகத்தில் நெல் சாகுபடி நடக்கிறது. அங்கே வயற்புறங்களில் பெட்டிகளை நிறுத்தி, அவற்றில் சிறு வௌவால்கள் பெருகிய பின், தண்டைத் துளைக்கும் புழுவின் சேதம் மருந்து தெளிக்க வேண்டாத அளவுக்குக் குறைந்ததென 2015ஆம் ஆண்டில் ஆராய்ச்சியாளர் வெளியிட்டனர். நமது வயல்களின் குருத்துப்பூச்சி வேறு ஜாதியாயினும், அதன் தாய் அந்தும் இரவிற் பறப்பதே. தாய்லாந்தில் ஒரு ஜாதி வௌவால் வெண்முதுகுத் தத்துப்பூச்சியைத் தின்பதால் வருஷந்தோறும் 12 லட்சம் டாலருக்கு மேற்பட்ட நெல் மிச்சப்படுவதாக 2014ஆம் ஆண்டில் கணக்கிட்டார்கள். ஆனால் ஒன்றைக் கவனிக்கவேண்டும்: இந்த வௌவால்கள் பெட்டியில் வாழ்பவை அல்ல, குகைகளில் வாழ்பவை. அங்கே குகையைக் காப்பாற்றினால் நெல்லைக் காப்பாற்றியதாகும்.

கொசு விஷயத்தில் மட்டும் நம்பிக்கையைக் குறைத்துக்கொள்வது நலம். மணிக்கு ஆயிரம் கொசு என்று சொல்லப்படுவது, கொசு நிறைந்த மூடிய அறையில் சிறிது நேரம் நடத்திய பரீட்சையைப் பெருக்கிச் சொன்ன கணக்கு. திறந்த வெளியில் வௌவால் அகப்பட்ட பூச்சியைத் தின்னும். டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் கொசுவோ பகலிற் கடிப்பது. தண்ணீர்த் தொட்டியை மூடாமல் பெட்டியை நம்பியிருப்பவரை வௌவால் காப்பாற்றாது.

இனிப் பெட்டியைப் பற்றிச் சொல்வோம். அமெரிக்காவின் குளிர்ந்த பாகங்களுக்காக எழுதிய குறிப்புகளில், வெளிப்புறம் கருநிறம் பூசி, நாள்தோறும் ஆறு மணி நேரமேனும் வெயில் படும்படி மாட்டவேண்டும் என்று கண்டிருக்கும். அந்தக் குளிருக்கு அது சரி. சித்திரை வைகாசியில் நிழலிலேயே 40 டிகிரி தாண்டும் வேலூரிலும் திருச்சியிலும் மதுரையிலும் அப்படிச் செய்தால் பெட்டி அடுப்பாகிவிடும். பறக்கமாட்டாத குட்டிகள் உள்ளேயே வெந்து மடியும். நமது சமவெளிகளில் பெட்டியின் வெளிப்புறத்துக்குச் சுண்ணாம்பு வெள்ளை அடிக்கவேண்டும். முகம் கிழக்கு நோக்கி இருக்கட்டும். காலை வெயில் போதும், பிற்பகல் வெயில் படலாகாது. வீட்டின் கீழ்ப்புறச் சுவரில் இறவாரத்தின் அடியில் மாட்டுவது எல்லாவற்றிலும் மேல். நீலகிரியிலும் கொடைக்கானலிலும் இருப்பவர்கள் கருநிறம் பூசிக்கொள்ளலாம்.

செய்முறை கடினமன்று. கரையான் மருந்து, வார்னிஷ் முதலியன படாத பழம்பலகையே உத்தமம். உயரம் 2 அடி, அகலம் ஒன்றரை அடி இருக்கலாம். முன்பலகைக்கும் பின்பலகைக்கும் இடைவெளி முக்கால் அங்குலமே; கூடினால் ஓர் அங்குலம். இதைத் தச்சர்கள் நம்பமாட்டார்கள். பறவைக் கூண்டைப் போல் விசாலமாகச் செய்து வைப்பார்கள். அதில் குளவிதான் கூடு கட்டும். வௌவாலுக்கு முதுகும் வயிறும் பலகையைத் தொடவேண்டும். நடுப்பலகைகள் கொடுத்து மூன்று நான்கு இடுக்குகளாகச் செய்தால் வெப்பத்துக்குத் தக்கபடி உள்ளே இடம் மாறிக்கொள்ளும். உட்புறத்தை இழைக்காமல், அரை அங்குலத்துக்கு ஒன்றாகக் குறுக்கே கீறிவிட வேண்டும். நகம் பற்ற அது வேண்டும். அடிப்புறம் திறந்தே இருக்கட்டும். பின்பலகை கீழே 4 அங்குலம் நீண்டிருந்தால் வந்து இறங்கி ஏறப் படியாகும். முன்பலகையில் கீழிருந்து 6 அங்குலத்துக்கு மேல், அரை அங்குல அகலத்தில் ஒரு காற்றுச் சந்து அவசியம். மேற்கூரையில் மாத்திரம் ஒழுக்கு இருக்கலாகாது.

தரையிலிருந்து 12 அடிக்குக் குறையாமல் சுவரிலோ தனிக் கம்பத்திலோ மாட்டுக. தென்னையிலும் வேம்பிலும் மாட்டுவது தவறு. பூனையும் பாம்பும் ஏறும், கிளை பறப்பதற்குத் தடையாகும். வெளிவரும் வௌவால் முதலில் கீழே விழுந்துதான் பறக்கத் தொடங்கும். தெருவிளக்கு படும் இடமும் உதவாது. கிணறோ குளமோ வாய்க்காலோ அருகே இருப்பது நல்லது. இவ்வளவும் செய்துவிட்டு, அந்தி வேளையில் அடுத்த வயலுக்குக் கடும் பூச்சிமருந்து தெளிப்பவர், விருந்தாளியை அழைத்து இலையில் விஷம் பரிமாறியவராவார்.

நிற்க, கிராம அதிகாரிகளுக்கும் கோயில் தர்மகர்த்தாக்களுக்கும் நாம் சொல்லவேண்டுவது வேறு. மண்டபத்தைப் பழுதுபார்க்கும்போது புகை போட்டு விரட்டுவதும், இரவோடிரவாகச் சந்துகளைக் கலவை பூசி அடைப்பதும் பல இடங்களில் வழக்கமாயிருக்கிறது. உள்ளே அகப்பட்டவை மடிந்து நாறும். அடைத்தே தீரவேண்டுமாயின், குட்டிகள் பறக்கத் தொடங்கிய பிறகு, வெளியேறலாம், திரும்ப நுழையலாகாது என்ற வகையில் வலைத்துணியைச் சந்தின்மேல் தொங்கவிட்டு, சில இரவுகள் கழித்து அடைக்கலாம். சந்தில் வாழும் ஜாதியாயின், சில மாதங்கள் முன்னதாகவே பக்கத்துச் சுவரில் பெட்டி மாட்டியிருக்கவேண்டும். மண்டபக் கூரையில் தொங்குபவற்றுக்குப் பெட்டி ஈடாகாது. ஒரு மூலையையாவது இருட்டாக விட்டுவைப்பதே வழி. இலாகாவிலும் பெட்டிகளை இத்தனை என்று எண்ணிக் கணக்குக் காட்டுவதைவிட, ஊருக்கு ஒரு பழைய புளியையும் ஒரு பாழ் மண்டபத்தையும் குறித்து வைத்துக் காப்பது அதிகப் பயன் தரும். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பழந்தின்னி வௌவால்களை எலி, காகத்தோடு சேர்த்துத் தீங்குயிர்ப் பட்டியலில் வைத்திருந்தது. 2022ஆம் ஆண்டுத் திருத்தம் அப்பட்டியலையே நீக்கிவிட்டது. பழைய நினைவில் சுட அனுமதி கேட்டு வருபவர்களுக்கு இதை எடுத்துச் சொல்லவேண்டும்.

நோய்ப் பயம் உள்ளவர்களைப் பரிகாசம் செய்யலாகாது. கேரளத்தில் 2018ஆம் ஆண்டில் உயிர்களைக் கவர்ந்த நிபா நோயின் கிருமி பழந்தின்னி வௌவால்களிடம் இருப்பது. வௌவால் கடித்த பழத்தைத் தின்னலாகாது. பதநீர்க் கலயத்தை மூடிக் கட்டவேண்டும். எந்த வௌவாலையும் வெறுங்கையால் எடுக்கலாகாது. கடித்தால் வெறிநாய்க் கடிக்குச் செய்வதுபோல் உடனே கழுவி மருத்துவரிடம் செல்லவேண்டும். பெட்டியைப் படுக்கையறைச் சன்னலுக்கும் கிணற்றுக்கும் நேர்மேலே மாட்டாதிருந்தாற் போதும். கீழே விழும் எருவை, மூக்கில் துணி கட்டி, நீர் தெளித்து அள்ளிப் பூச்செடிகளுக்கு இடலாம். ஏக்கருக்குப் போதும் என்று எண்ணவேண்டாம்.

பெட்டி மாட்டிய மறுநாளே வௌவால் வருவதில்லை. புளோரிடாவில் 1929ஆம் ஆண்டு ஒரு செல்வர் கொசுவை ஒழிக்க வேண்டிக் கட்டிய மரக் கோபுரத்தில் வௌவால் குடியேறவேயில்லை. 2017ஆம் ஆண்டுப் புயலில் அது விழுந்தது. அதே மாகாணத்தில் கெயின்ஸ்வில் நகரத்துச் சர்வகலாசாலை 1991ஆம் ஆண்டில் கட்டிய வௌவால் வீடும் சில வருஷம் வெறிச்சோடிக் கிடந்து, பின்னரே நிறைந்தது. இன்று அதில் லட்சக்கணக்கில் வாழ்கின்றன. நமது பெட்டியின் அடியில் அரிசியளவில் கறுத்த புழுக்கை காணப்பட்டால் வந்துவிட்டது என்று அறியலாம். பல்லிப் புழுக்கையில் வெள்ளை நுனி இருக்கும், இதில் இராது. இரண்டு மழைக்காலம் கழிந்தும் ஒன்றும் காணாவிட்டால், பெட்டியைப் பிரித்தெறியாமல் வேறு சுவருக்கு மாற்றிப் பார்க்கலாம்.