பேர்ச்சஸ் முதல் மில்லிமீற்றர் வரை

வெள்ளவத்தையில் காணிப் பேச்சு எழுந்தால் முதற் கேள்வி, "எத்தனை பேர்ச்சஸ்?" யாழ்ப்பாணத்திலிருந்து வந்த பெரியப்பா பக்கத்தில் இருந்தால், "அது எத்தனை பரப்பு வரும்?" என்பார். பத்துப் பேர்ச்சஸ் ஒரு பரப்பு என்றால் அவருக்கு உடனே விளங்கிவிடும். அதே காணியின் நிலஅளவைப் படத்தை விரித்தால் 0.0253 ஹெக்டயர் என்று இருக்கும். அந்த இடத்தில் எல்லோரும் மௌனமாகிவிடுகிறோம். கோடிக்கணக்கில் பணம் கைமாறும் ஊரில், படத்தில் உள்ள எண்ணை நம்மவர் வாசிக்காமல் மடித்து வைப்பது எனக்கு உண்மையிலேயே கவலை தருகிறது.

பேர்ச்சஸ் என்பது 16.5 அடிக் கோலிலிருந்து வந்தது. 1620 அளவில் எட்மண்ட் கன்ரர் என்ற ஆங்கிலேயர் அப்படி நான்கு கோல் நீளத்துக்கு, 66 அடியில், நிலம் அளக்கும் சங்கிலி ஒன்றை வகுத்தார். ஒரு கோல் பக்கமுள்ள சதுரம் ஒரு பேர்ச்சஸ்: 272.25 சதுர அடி, அதாவது 25.29 சதுர மீற்றர். இப்படி 160 சேர்ந்தால் ஓர் ஏக்கர். இலங்கை நிலஅளவைத் திணைக்களம் 1800இல் ஆங்கிலேயர் காலத்தில் தொடங்கியது. அந்தக் கணக்கு அப்படியே நம் உறுதிகளில் ஏறிவிட்டது. எழுபதுகளில் நாடு மெற்றிக் முறைக்குத் திரும்பியது. 1995ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் அளவீட்டு அலகுகளுக்கென்றே வந்தது. ஆனாலும் காணி விலை இன்றுவரை பேர்ச்சஸில்தான் பேசப்படுகிறது. பேசட்டும். 25.29 என்ற ஒரே ஓர் எண் மனதில் இருந்தால் போதும்: ஆறு பேர்ச்சஸ் ஏறக்குறைய 152 சதுர மீற்றர். ஹெக்டயர் என்றால் பத்தாயிரம் சதுர மீற்றர், ஆகவே 0.0152. தசமப் புள்ளிக்குப் பிறகு ஒரு பூச்சியம் கூடினாலும் குறைந்தாலும் காணி பத்து மடங்கு மாறிவிடும்.

துணிக்கடையில் இந்தச் சிக்கல் இல்லை. ஆறு யார் சேலை 5.49 மீற்றர், கடைக்காரர் ஐந்தரை என்று அளந்து வெட்டிவிடுவார்.

கொட்டாஞ்சேனை ஹாட்வெயார் கடையில் நிலைமை வேறு. "அண்ணே, அரை இஞ்சிப் பைப் ஒண்டு தாங்கோ" என்று கேட்டால் எடுத்துத் தரும் பி.வி.சி. குழாயில் 20 மி.மீ. என்று அச்சிட்டிருக்கும். அரை அங்குலம் 12.7 மி.மீ.தானே என்று சந்தேகம் வருவது நியாயம். 20 என்பது குழாயின் வெளிவிட்டம்; அரை இஞ்சி என்பது உள்ளே தண்ணீர் ஓடும் துவாரத்தை வைத்து வந்த பழைய பெயர். கம்பிக்கோ 10, 12 என்று மில்லிமீற்றரில்தான் கேட்கிறோம். பலகைக்கு அங்குலமும் நூலும். எட்டு நூல் ஓர் அங்குலம், ஒரு நூல் 3 மி.மீ.க்குச் சற்றுக் கூட. ஒரே கல்லாப்பெட்டிக்கு முன்னால் ஒரே ஆள் மூன்று கணக்கில் பேசுகிறார். இவற்றை இணைக்கும் ஆணி ஒன்றுதான்: ஓர் அங்குலம் சரியாக 25.4 மி.மீ. 1959இல் ஆங்கிலம் பேசும் நாடுகள் கூடி அப்படி முடிவு செய்தன.

தச்சு வேலை பாஸ் ஒருவர் டேப் பிடிப்பதைக் கவனித்துப் பாருங்கள். இரும்பு டேப்பின் நுனிக் கொளுக்கி இலேசாக ஆடும். பழுதென்று நினைத்து அதைத் தட்டி இறுக்குபவர்கள் உண்டு. அது ஆடத்தான் வேண்டும். விளிம்பில் மாட்டி இழுக்கும்போது கொளுக்கி தன் தடிப்பளவு வெளியே வரும், சுவரில் முட்டி அளக்கும்போது அதே அளவு உள்ளே போகும். அதனால்தான் இரண்டு விதமாக அளந்தாலும் பூச்சியம் பூச்சியமாக நிற்கிறது. விழுந்து விழுந்து கொளுக்கி வளைந்திருந்தால் நல்ல பாஸ் அதை நம்பமாட்டார். 10 சென்ரிமீற்றர்க் கோட்டில் பிடித்து அளந்து, வந்ததில் பத்தைக் கழிப்பார். பிள்ளைகளின் தேய்ந்த அடிமட்டத்துக்கும் இதுவே வழி.

நம் பிள்ளைகளைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. உயர்தரத்தில் வேணியர் இடுக்கிமானியின் இழிவெண்ணிக்கை 0.1 மி.மீ., நுண்மானித் திருகுக்கணிச்சிக்கு 0.01 மி.மீ. என்று தடங்காமல் சொல்வார்கள். கதவின் அகலத்தைப் பார்வையால் சொல் என்றால் திணறுவார்கள். குறை பிள்ளைகளுடையதல்ல; அளக்கும் கருவியைக் கையில் கொடுக்காமல் கணக்கை மட்டும் கொடுத்துவிட்டோம். வெள்ளவத்தை ஸ்டேசன் மேடையில் நிற்கும்போது தண்டவாளம் இரண்டுக்கும் இடைவெளி எவ்வளவு என்று ஊகிக்கச் சொல்லுங்கள். விடை 1676 மி.மீ., அதாவது ஐந்தரை அடி. ஒரு தடவை ஊகித்துப் பிழைத்த பிள்ளை அடுத்த தடவை கிட்ட வந்துவிடும்.

பிளாட் வாங்குவோருக்கு இது அவசரமான விஷயம். விலை சதுர அடியில் சொல்வார்கள். ஆயிரம் சதுர அடி 92.9 சதுர மீற்றர். பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை என்று சொன்னால், உள்ளளவா வெளியளவா என்று கேளுங்கள். சுவர் நாலு பக்கமும் ஆறு அங்குலம் என்றால், வெளியே 120 சதுர அடி, உள்ளே 99தான். அட்வான்ஸ் கொடுக்குமுன் டேப்போடு போங்கள். உள்ளளவு எடுக்கும்போது பெட்டியின் முதுகைச் சுவரில் முட்ட வைத்து, அதன் வாயில் தெரியும் எண்ணோடு பெட்டியின் நீளத்தையும் கூட்டுங்கள். பல டேப்களில் அந்த நீளம் பெட்டியிலேயே போட்டிருக்கும்.